நின்றுபோன மோட்டரில் ஏறிய சூடு

மோட்டரின் வெப்ப உணரியைக் காப்பு ரிலேயில் எப்படி இணைப்பது என்று பயிற்சிக் காலத்தில் உங்களுக்குப் படம் போட்டுக் காட்டியிருப்பார்கள். அதைத் திரும்பச் சொல்லி உங்கள் நேரத்தை எடுக்கப்போவதில்லை. முப்பத்து நாலு வருடம் இந்த வேலையில் இருந்தேன். ஓய்வு பெற்ற பிறகு, புதிதாய்ச் சேர்ந்த உங்களுக்கு ஏதாவது எழுதித் தரச்சொல்லிக் கம்பனியில் கேட்டார்கள். நான் நன்றாகச் செய்த வேலைகளை எழுதினால் எனக்குச் சந்தோசமாயிருக்கும், உங்களுக்குப் பிரயோசனமிராது. ஆகவே நானாட்டான் பக்கத்தில் ஒரு பம்ப் அறையில் நான் விட்ட பிழையை எழுதுகிறேன். சரியாகச் சொன்னால் இரண்டு பிழைகள். முதலாவதை விட்டபோது அது பிழையென்று எனக்குத் தெரியாது. இரண்டாவதைத் தெரிந்துகொண்டே விட்டேன்.

சண்டை முடிந்து, சனங்கள் முகாம்களிலிருந்து ஊர் திரும்பிக்கொண்டிருந்த காலம் அது. மிதிவெடி அகற்றிய வயல்களைத் துண்டு துண்டாகக் கையளித்துக்கொண்டிருந்தார்கள். ஆற்றுத் தண்ணீரை வாய்க்காலுக்கு ஏற்றுவதற்காக அருவியாற்றங்கரையில் ஒரு பம்ப் அறை கட்டினார்கள். இரண்டு பெரிய மோட்டர்கள், இரண்டு பம்ப்கள். மின்வேலை எங்கள் ஒப்பந்தக் கம்பனிக்குக் கிடைத்தது. மன்னார்ப் பக்கத்து வேலைகளுக்கு நான்தான் பொறுப்பு. வீடு தோட்டவெளியில். காலையில் பைக்கில் பாலம் கடந்து பெருநிலத்துக்கு வருவேன், பொழுதுபட வீடு போவேன்.

இந்தத் தொழிலுக்குப் புதிதானவர்களுக்கும் விளங்கவேண்டும் என்பதற்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்த மோட்டர்களின் உள்ளே, செப்புக்கம்பிச் சுருள்களுக்குள், சின்ன வெப்ப உணரிகள் புதைக்கப்பட்டிருந்தன. அங்கிருந்து மெல்லிய கேபிள் ஒன்று சுவரோரப் பனலுக்கு வரும். பனலில் ஒவ்வொரு மோட்டருக்கும் ஒரு ரிலே. உள்ளே எவ்வளவு சூடு என்று அது எண்ணாகக் காட்டும். அளவு மீறினால் தன் மோட்டரை நிறுத்திவிடும். நிறுத்தாவிட்டால் சுருள் எரியும். எரிந்ததைத் திருத்தக் கொழும்புக்கு அனுப்பவேண்டும். திரும்பி வர ஒரு மாதமாவது செல்லும்.

கேபிள் இழுத்த நாள் மழை. நிலத்துக்குக் கீழே போட்டிருந்த குழாய்களில் தண்ணீர் நின்றது. கேபிள் நுனியில் பேனையால் எழுதி ஒட்டியிருந்த இலக்கங்கள், பனல் பக்கம் வெளியே வந்தபோது அழிந்துபோயிருந்தன. மறுநாள் காலை திறப்பு விழா. வாசலில் வாழை கட்டியாயிற்று. இடப்பக்கக் குழாயால் வந்த கேபிள் இடப்பக்க மோட்டருடையதாகத்தானே இருக்கும் என்று அப்படியே இணைத்தேன். மீற்றர் வைத்துப் பார்த்தேன். இரண்டிலும் நூற்றிப் பன்னிரண்டு ஓம். உணரிகள் நன்றாயிருக்கின்றன என்று மீற்றர் சொன்னது. எந்த உணரி எந்த மோட்டருடையது என்று மீற்றர் சொல்லாது, நானும் கேட்கவில்லை. 'சோதிக்கப்பட்டது' என்று அறிக்கையில் எழுதிக் கையெழுத்து வைத்தேன்.

நிலத்துக்குக் கீழே பெரிய கல் ஒன்று குறுக்கிட்டதால், மேசன் இரண்டு குழாய்களையும் ஒன்றையொன்று கடக்கும்படி மாற்றிப் போட்டிருந்தார். ஆக, முதலாம் மோட்டரின் சூட்டை இரண்டாம் ரிலேயும், இரண்டாம் மோட்டரின் சூட்டை முதலாம் ரிலேயும் பார்த்துக்கொண்டிருந்தன. இரண்டும் ஒரே மாதிரி ஓடி ஒரே மாதிரிச் சூடானவரை, அது ஒருவர் கண்ணிலும் படவில்லை. இரண்டு மாதம் அப்படியே போனது.

பம்ப் அறையைப் பார்த்துக்கொள்ள, ஊர் விவசாயிகளின் கமக்கார அமைப்பு ஒருவரை வைத்திருந்தது. பெயர் புவனா. முப்பது வயதிருக்கும். நாலு வயதில் தாய் தகப்பனோடு வள்ளத்தில் இந்தியாவுக்குப் போய், தமிழ்நாட்டு அகதி முகாமில் வளர்ந்து, சண்டை முடிந்த பிறகு தகப்பனின் காணிக்குத் திரும்பி வந்தவர். முகாமுக்குப் பக்கத்தில் மோட்டர் சுருள் சுற்றும் பட்டறை ஒன்றில் ஒன்பது வருடம் வேலை செய்தவர் என்று அமைப்பின் தலைவர் தம்பிராசா அண்ணை எனக்குச் சொல்லியிருந்தார். அந்த வேலைக்கு இங்கே காட்ட அவரிடம் ஒரு துண்டுக் கடுதாசியும் இல்லை. பேச்சில் எங்களூர்த் தமிழும் அந்தப் பக்கத்துத் தமிழும் கலந்து வரும். நாங்கள் 'சேர்' என்போம். அவர் 'சார்' என்பார். பொடியள் அதைச் சொல்லிச் சொல்லிப் பகிடி பண்ணுவார்கள்.

சிறுபோகம், கோடைப் பயிர்க்காலம். மழை இல்லை. பயிர் குடலை தள்ளிக் கதிர் வெளிவரத் தொடங்கிய நேரம். இரண்டு மோட்டரும் காலையிலிருந்து பின்னேரம்வரை ஓடினால்தான் கடைசி வயலுக்குத் தண்ணீர் போய்ச் சேரும். அந்த நேரத்தில் ஒரு காலை பத்து மணிபோலப் புவனா எனக்குப் போன் எடுத்தார்.

"சார், ஒண்ணாம் மோட்டர் தானா நிண்டிட்டுது. நூற்றி முப்பத்தொண்டு காட்டுது. ரெண்டாவதையும் நிப்பாட்டி வைச்சிருக்கிறன்."

போனேன். முதலாம் மோட்டரில் கை வைத்தேன். சாதாரணச் சூடுதான். உள்ளே நூற்றி முப்பதைத் தாண்டிய மோட்டர் வெளியே இப்படி இருக்காது. உணரியின் வயர் எங்கோ தளர்ந்தால் ரிலே பொய்யாகக் கூட்டிக் காட்டும் என்பது எனக்குத் தெரியும். முனைகளையெல்லாம் இறுக்கினேன். ஓடவிட்டேன். ஓடியது. வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இரண்டாம் மோட்டரை நான் தொடவேயில்லை. அது ஒரு குறையும் சொல்லவில்லை.

மறுநாளும் அதே நேரம், அதே மோட்டர் நின்றது. அன்றைக்கு நான் சிலாபத்துறைப் பக்கம் வேறொரு வேலையில் இருந்தேன். பம்ப் அறைக்கு வந்து சேர ஒன்றரை மணித்தியாலம். அதற்குள் மின்சாரம் தடைப்பட்டு, ஓடிக்கொண்டிருந்த இரண்டாவதும் நின்று, இரண்டு மோட்டரும் ஆறிவிட்டன. புவனா ஒரு கொப்பியை விரித்து என்னிடம் நீட்டினார். ஒவ்வொரு ஐந்து நிமிடத்துக்கும் ரிலே காட்டிய எண்களை வரிசையாக எழுதியிருந்தார்.

"ஒண்ணாவது நிண்ட பிறகும் அதுக்குச் சூடு ஏறிக்கொண்டே போயிருக்கு சார். பாருங்கோ. நூற்றி முப்பத்தொண்டில நிண்டது, கரண்ட் போகும்போது நூற்றி நாப்பத்திநாலு."

"மோட்டர் நிண்டா அதின்ர காத்தாடியும் நிண்டிடும்," என்றேன். "உள்ளுக்குள்ள இருக்கிற சூடு வெளிய வர வழியில்லை. கொஞ்ச நேரம் ஏறிப்போட்டுத்தான் இறங்கும்."

"அது அஞ்சு நிமிசம் பத்து நிமிசத்துக்குச் சரி சார். இது முக்கால் மணித்தியாலம்."

  அவர் சொன்னதை ஒத்துக்கொள்வதைவிடக் கொப்பியை மூடிக் கொடுப்பது சுகமாயிருந்தது.

"வார்னிஷ் மணம் ஒண்டும் வருது. ரெண்டாவது பக்கத்தில இருந்து" என்றார், விடாமல்.

"புது மோட்டர். பெயின்ற் மணமாயிருக்கும்."

ஒன்பது வருடம் சுருளோடும் அதில் பூசும் வார்னிஷோடும் இருந்த ஒருவரிடம் நான் பெயின்ற் மணம் என்று சொன்னேன். அவர் கொப்பியை வாங்கி மேசை லாச்சிக்குள் வைத்தார்.

மூன்றாம் நாள் நான் போய் இறங்கியபோது பம்ப் அறை வாசலில் நாற்பது பேர் வரையில் நின்றார்கள். முதலாம் மோட்டர் காலையிலும் நின்றிருக்கிறது. தம்பிராசா அண்ணை முன்னால் வந்தார். அறுபது வயது தாண்டியவர். மூன்று முறை இடம்பெயர்ந்து, ஒவ்வொரு முறையும் விதைநெல்லைப் பாதி வழியில் விட்டுவிட்டுப் போனவர் என்று ஊரில் சொல்லுவார்கள்.

"தம்பி, கடைசி வாய்க்காலுக்கு மூண்டு நாளாத் தண்ணி இல்லை. கதிர் வாற நேரம். இன்னும் ரெண்டு நாள் போனா எல்லாம் பதர்தான். இருபது வருசத்துக்குப் பிறகு எங்கட வயலில எங்கட நெல். உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை."

அவர் கோபமாகப் பேசியிருந்தால் எனக்கு லேசாயிருந்திருக்கும். கெஞ்சுவதுபோலப் பேசினார். நானும் இடம்பெயர்ந்தவன்தான். அந்த முகங்களைப் பார்த்துக்கொண்டு, ஆறுதலாய் யோசிக்கவேண்டும், ஒருநாள் தாருங்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. நல்ல மோட்டரை ஒரு பொய் உணரி நிறுத்திக்கொண்டிருக்கிறது என்று முடிவு கட்டினேன். முதலாம் ரிலேயில் சூட்டுக்கு நிறுத்தும் வேலையை மட்டும் எடுத்துவிட்டேன். இரண்டு மோட்டரையும் ஓடவிட்டேன். வாய்க்காலில் தண்ணீர் விழுந்த சத்தம் கேட்டு ஆட்கள் கை தட்டினார்கள்.

நான் செய்தது என்னவென்று நீங்கள் கணக்குப் போட்டிருப்பீர்கள். உண்மையில் சூடாகிக்கொண்டிருந்தது இரண்டாம் மோட்டர். அதன் சூட்டைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரே கண்ணையும் நான் கட்டிவிட்டேன்.

ஒரு மணித்தியாலம் போயிருக்கும். வெளியே நின்று தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தோம். உள்ளே ஒரு மோட்டரின் சத்தம் இறங்கி அடங்கியது. ஓடிப்போய்ப் பார்த்தால், புவனா இரண்டாம் மோட்டரின் சிவப்புப் பொத்தானை அமத்திவிட்டு, பனலுக்கு முன்னால் நிற்கிறார்.

"ஏன் நிப்பாட்டினீங்கள்?"

"எரியப்போகுது சார். மணம் நல்லாக் கூடிட்டுது."

"ரெண்டாவதுக்கு எண்பத்திநாலுதான் காட்டுது. கண் தெரியேல்லையோ?"

பின்னால் ஆட்கள் உள்ளே வந்துவிட்டார்கள். 'ஓடுற மோட்டரையும் நிப்பாட்டிட்டாள்' என்று ஒருவர் சத்தமிட்டார். 'இந்தியாவில இருந்து வந்து எங்களுக்குப் படிப்பிக்கிறா' என்று இன்னொருவர். எனக்கும் கோபம் தலைக்கேறியது. அத்தனை பேருக்கு முன்னால் சொன்னேன்: "வேலை செய்ய விருப்பமில்லையெண்டா வீட்ட போங்கோ. இதை வைச்சு விளையாடாதேங்கோ."

அவருக்குக் கண் கலங்கியது. ஆனால் பனலை விட்டு விலகவில்லை. பச்சைப் பொத்தானின் மேல் கையை வைத்து மறைத்துக்கொண்டார்.

"ஒருக்காக் கை வைச்சுப் பாருங்கோ சார். ரெண்டாவதில. பாத்திட்டு என்னை அனுப்புங்கோ, நான் போறன்."

அவரைப் பொய்யாக்குவதற்காகத்தான் போனேன். இரண்டாம் மோட்டரின் முதுகில் உள்ளங்கையை முழுதாக வைத்தேன். வைத்த வேகத்திலேயே இழுத்துக்கொண்டேன். தோல் வெந்துவிட்டது. மோட்டரின் பின்பக்கம் சுவருக்கும் அதற்கும் நடுவில் ஒரு முழம்கூட இடைவெளி இல்லை. குனிந்து பார்த்தேன். அங்கே அடுக்கியிருந்த வெறும் யூரியாச் சாக்குகளில் மூன்று நாலு சரிந்து, காத்தாடிக் கூட்டின் வாயில் இழுபட்டு, அப்படியே ஒட்டிப்போயிருந்தன. மோட்டருக்கு மூச்சே போகவில்லை.

நிமிர்ந்து பனலைப் பார்த்தேன். என் கையைச் சுட்ட மோட்டருக்கு எண்பத்திநாலு. பக்கத்தில் அமைதியாக ஓடிக்கொண்டிருந்த முதலாம் மோட்டருக்கு நூற்றி ஐம்பத்தொன்று.

அந்த நொடியில் எனக்கு எல்லாம் விளங்கியது. குழாய், மழை, அழிந்துபோன இலக்கம், கையெழுத்து, எல்லாம். அந்த அறையில் நின்றவர்களில் விளங்கியவன் நான் மட்டும்தான் என்று நினைத்தேன்.

"சாக்கு அடைச்சிருக்கு," என்றேன். "அதுதான் பிரச்சினை."

அது பொய்யில்லை. ஆனால் பாதிதான். தம்பிராசா அண்ணை புவனாவின் பக்கம் திரும்பினார். "பம்ப் அறையைத் துப்பரவா வைச்சிருக்கிறது உன்ர வேலை எல்லே பிள்ளை?" புவனா அவரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் சாக்குகளை இழுத்தெடுப்பதில் மும்முரமாயிருந்தேன்.

பிறகு, "பனலைத் திறக்கப்போறன். கரண்ட் இருக்கு. எல்லாரும் வெளிய நில்லுங்கோ" என்றேன். ஆட்களை விலக்குவதற்கு ஆபத்தைச் சாட்டாகச் சொன்னது என் வாழ்நாளில் அந்த ஒருமுறைதான். முதலாம் மோட்டரையும் நிறுத்தி, இரண்டு கேபிள்களையும் மாற்றி இணைத்து, ரிலேயில் எடுத்துவிட்டதைத் திரும்பப் போட்டு, மூடியைப் பூட்டப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. திரும்பியபோது புவனா கதவடியில் நின்றார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது. நான் அவரைத் தாண்டி வெளியே போனேன். 

மோட்டர் ஆறியதும் இரண்டும் ஓடின. கடைசி வாய்க்காலுக்கும் தண்ணீர் போனது. நான் சாமான் பையைப் பைக்கில் கட்டிக்கொண்டிருந்தபோது, வாசலில் கூடியிருந்தவர்கள் புவனாவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டு வேறு ஒருவரைப் போடுவதென்று முடிவெடுத்தார்கள். அதை முழுதாகக் கேட்டுக்கொண்டேதான் பைக்கை உதைத்தேன்.

அன்றிரவு அறிக்கை எழுதினேன். காரணம் என்ற இடத்தில் 'காற்றோட்டம் சாக்குகளால் தடைப்பட்டமை, பம்ப் இயக்குபவரின் கவனக்குறைவு' என்று எழுதினேன். சுட்டுப்போன கையால் பேனையைப் பிடிக்க முடியாமல் விரல் நுனியால் பிடித்து எழுதினேன். மறுநாள் கொழும்பிலிருந்து எங்கள் பொறியியலாளர் பேசினார். "நல்லது. எங்கட பக்கம் பிழை ஒண்டும் இல்லைத்தானே?" என்று கேட்டார்.

"இல்லை" என்றேன்.

தம்பி தங்கச்சிமாரே, வேலையில் பிழை வராத ஆள் இல்லை. கேபிளை மாற்றிப் போட்டதற்காக நான் நித்திரை இழக்கவில்லை. அந்த ஒரு சொல்லுக்காக இழந்தேன். சுட்ட கையைப் பார்த்து வீட்டில் என்னவென்று கேட்டார்கள், மோட்டர் சுட்டது என்றேன். யார் சொல்லி அந்த மோட்டரைத் தொட்டேன் என்று சொல்லவில்லை. ஒவ்வொருவர் கேட்கும்போதும் கதையிலிருந்து புவனாவை வெட்டிவிட்டுச் சொன்னேன். இரண்டு நாள் அப்படிப் போனது. மூன்றாம் நாள் வேறு எங்கோ போகப் புறப்பட்டவன் நானாட்டான் பாதையில் திரும்பினேன்.

புவனாவின் வீடு பாதி கட்டின வீடு. பக்கத்தில் தகரக் கொட்டில். கொட்டில் வாசலில் பாயைப் போட்டு, அயல் வீட்டுக்காரரின் கிணற்று மோட்டரைக் கழற்றி வைத்து, எரிந்த சுருளை ஒவ்வொன்றாக வெட்டி எடுத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழும்பிக் கதிரை ஒன்றைக் கொண்டுவந்து போட்டார். நான் இருக்கவில்லை.

"புவனா, அண்டைக்கு நடந்தது என்ர பிழை. கேபிள் ரெண்டையும் நான் மாறிக் குடுத்திருந்தனான்."

"தெரியும் சார்."

"எப்ப தெரியும்?"

"நீங்க கையைச் சுட்டுப்போட்டு பனலைப் பாத்தீங்களே, அப்பவே. நானும் அதைத்தான் பாத்துக்கொண்டு நிண்டன்."

"அப்ப ஏன் அங்க சொல்லேல்ல?"

அவர் கையிலிருந்த செப்புக்கம்பித் துண்டைப் பாயில் வைத்தார்.

"அங்க பட்டறையில மோட்டர் ஒண்டு எரிஞ்சு திரும்பி வந்தா, முதல்ல அகதிப் பிள்ளைகள் சுத்தினதா எண்டுதான் பாப்பாங்க. இஞ்ச வந்தா இந்தியாவில இருந்து வந்தவள் எண்டினம். நான் சொன்னா ஆர் சார் கேக்கிறது? நீங்க சொன்னாத்தான் கேப்பினம். நீங்க சொல்லுவீங்க எண்டுதான் கதவடியில நிண்டன்."

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவர் என்னைத் திட்டவில்லை. தேத்தண்ணி போடவா என்று கேட்டார். வேண்டாம், பின்னேரம் பம்ப் அறைக்கு வாருங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

பின்னேரம் தம்பிராசா அண்ணையிடம் சொல்லி ஆட்களைக் கூப்பிட்டேன். அன்று நின்ற அத்தனை பேரும் வரவில்லை, பாதிப்பேர் வந்து உள்ளே நிலத்தில் குந்தினார்கள். புவனா தகப்பனோடு வந்து ஒரு கரையில் நின்றார். நான் பனலுக்கு முன்னால் நின்று சொன்னேன். கேபிளை இணைத்தது நான், மாறிப் போட்டது நான், சோதிக்காமல் சோதித்ததாக எழுதியது நான். பாதுகாப்பை எடுத்துவிட்டதும் நான். புவனா மூன்று நாளும் சரியாகச் சொன்னார், நான் கேட்கவில்லை. அவர் அந்தப் பொத்தானை அமத்தியிருக்காவிட்டால் இன்றைக்கு மோட்டர் கொழும்பில், பயிர் வெயிலில்.

எழுதும்போது நாலு வசனம். அன்றைக்குச் சொல்லி முடிக்க எனக்கு வெகுநேரம் எடுத்தது.

ஒருவர் கேட்டார்: "அப்ப மூண்டு நாளாத் தெரிஞ்சுகொண்டோ பேசாமல் இருந்தனீங்கள்?"

"ஓம்" என்றேன்.

அவர் நிலத்தில் காறித் துப்பிவிட்டு எழும்பிப் போனார். அவரைக் குறை சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.  தம்பிராசா அண்ணை தோளில் கிடந்த சால்வையை எடுத்து மடியில் வைத்தார்.

"சாக்கு என்ர," என்றார். "வீட்டில கூரை இல்லை, நனையும் எண்டு நான்தான் கொண்டுவந்து அடுக்கினனான். எடுக்கச் சொல்லி இந்தப் பிள்ளை ரெண்டு தரம் சொன்னவள். நான்தான் பிறகு பாப்பம் எண்டு விட்டனான். அண்டைக்கு எல்லாருக்கும் முன்னால எனக்கும் வாய் வரேல்ல."

அவரும் என்னைப் போலத்தான் மூன்று நாள் இருந்திருக்கிறார். அதைக் கேட்டதும் எனக்கு அந்தக் கிழவர் மேல் கோபம் வரவில்லை, இரக்கம் வந்தது.

புவனாவைத் திரும்ப வரச்சொன்னார்கள். அவர் உடனே ஓமென்று சொல்லவில்லை. "வாறன். ஆனா இப்ப சரியா இணைச்சிருக்கெண்டு எனக்குக் காட்டவேணும்" என்றார். நான் சிரிக்கவில்லை. எப்படிக் காட்டுவது என்று கேட்டேன். அவரே திருப்புளியை எடுத்துப்போய், முதலாம் மோட்டரின் பெட்டியைத் திறந்து, உணரியின் ஒரு வயரை மட்டும் கழற்றினார். பனலில் முதலாம் ரிலேயின் எண் அழிந்து கோடு விழுந்தது. இரண்டாவதுக்கும் அப்படியே. மூன்று நிமிட வேலை. திறப்பு விழாவுக்கு முதல்நாள் என்னிடம் அந்த மூன்று நிமிடம் இருந்தது.

இரண்டாவது அறிக்கை எழுதி அனுப்பினேன். எச்சரிக்கைக் கடிதம் வந்தது. பொறியியலாளர் என்னோடு பல மாதம் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. புதிதாய் இணைக்கும் வேலைகளை வேறு ஆட்களுக்குக் கொடுத்தார்கள். புவனாவைக் கம்பனிக்கு எடுக்கக் கேட்டேன். சான்றிதழ் இல்லையென்று மறுத்தார்கள். அவர் இன்னும் நாலு போகம் அந்தப் பம்ப் அறையைப் பார்த்தார். பிறகு நானாட்டான் சந்திக்குப் பக்கத்தில் மோட்டர் சுருள் சுற்றும் கடை போட்டார். மன்னாரில் எரிந்த மோட்டர் கொழும்புக்குப் போவது அதோடு குறைந்தது.

எனக்கு இன்னொரு வேலை மிச்சமிருந்தது. அந்தப் பக்கங்களில் நான் இணைத்த இடங்கள் வேறும் ஆறு இருந்தன. ஒவ்வொன்றிலும் மீற்றரை மட்டும் நம்பித்தான் கையெழுத்துப் போட்டிருந்தேன். லீவு எடுத்து ஒவ்வொன்றாகப் போனேன். ஐந்து இடம் சரி. கடைசியாகப் போனது தலைமன்னாரில் ஒரு ஐஸ் தொழிற்சாலை. மீன்பிடி திரும்பத் தொடங்கிய பிறகு கட்டியது, இரண்டு பெரிய மோட்டர்கள். அதன் சொந்தக்காரர், கடலுக்குப் போவதை நிறுத்திவிட்டுத் தொழிற்சாலை போட்ட நடுவயது மனிதர், பனலடியில் நின்று எண்களைப் பார்த்துச் சொல்ல ஒத்துக்கொண்டார். நான் முதலாம் மோட்டரின் பெட்டியைத் திறந்து வயரைக் கழற்றினேன்.

"கோடு விழுந்திட்டுது ஐயா" என்று அங்கிருந்து கத்தினார்.

"எதில?"

"ரெண்டாவதில."

நான் மோட்டருக்குப் பக்கத்தில் குந்தியிருந்தேன். அங்கே ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. ஒரு மோட்டரும் எரியவில்லை, ஒரு புகாரும் வரவில்லை. முனைகளை இறுக்கிப் பார்க்க வந்தேன் என்று சொன்னாலே போதும். பெட்டியின் மூடியைக்கூடப் பூட்டாமல் எழும்பி அவரிடம் போனேன்.

"இது நான் பிழையா இணைச்சது. ரெண்டும் மாறிக் கிடக்கு. ரெண்டு மோட்டரையும் பத்து நிமிசம் நிப்பாட்டித் தாங்கோ, மாத்தித் தாறன்."

அவர் என் முகத்தைப் பார்த்தார்.

"பத்து நிமிசம்தானே?"

"பத்து நிமிசம்."

"சரி, செய்யுங்கோ" என்றார். பிறகு வெளியே லொறியோடு காத்து நின்றவரிடம் ஐஸ் கொஞ்சம் பிந்தும் என்று சொல்லப் போனார்.